இலவம் பஞ்சு பெய்த கிறிஸ்துமஸ்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் அப்பா, நான், என் தங்கச்சி பாண்டியம்மா, உழக்கு இரவல் கேட்டு வந்து உழக்கை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் போகாமல் உட்கார்ந்துவிட்ட அத்தை, மலையிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்த அம்மா; வேறு யாரும் இல்லை. அம்மா பையைத் தலைகீழாகக் கொட்டினாள். ஈரச் சேலை, தூக்குவாளி, கொஞ்சம் கப்பைக்கிழங்கு, எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து ஒரு புத்தகம். அது தரையில் விழுந்து தானாகவே விரிந்ததும் வீடு முழுக்க ஏலக்காய் வாசம் அடித்தது. அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “என்ன மதினி, புத்தகத்துக்குள்ள பாயாசமா வச்சுக் கொண்டாந்திருக்கீக?” என்றாள்.

மலையடிவாரத்தில் இருக்கிற தேவாரம் எங்கள் ஊர், எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் ஏலத்தோட்ட வேலைக்கு மலைக்குப் போகிறவர்கள். காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் மாதங்களில் அம்மா திங்கட்கிழமை விடியுமுன்னே ஜீப் ஏறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவாள். இடைப்பட்ட நாளெல்லாம் மேலே கேரளாப் பக்கத்து ஏலத்தோட்டத்து ‘லயத்தில்’, நாலைந்து பெண்களோடு ஒரே அறையில் தங்கல். தோட்டத்து முதலாளி வீட்டுச் சேச்சி, தன் மகள் வளர்ந்து பெரியவளாகிவிட்டதால் பெட்டியில் கிடந்த பழைய புத்தகங்களை எடுத்து வெளியே போட்டிருக்கிறார்கள். அம்மா ஒன்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, குட்டிகளுக்குக் கொண்டுபோய்க் கொடு என்று சொல்லிவிட்டார்களாம். அது ஏலக்காய் உலர்த்துகிற அறைக்கு மேலே பரணில் கிடந்த பெட்டி என்று பிறகு தெரிந்தது. வாசம் அப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

புத்தகம் முழுக்கப் படம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே இரண்டு வரி, அதுவும் மலையாளத்தில். அம்மாவுக்கு மலையாளம் பேசினால் புரியும், பதிலும் பேசுவாள். ஆனால் எழுத்தைக் காட்டினால், “இதென்னடி, அட்டைப்பூச்சி சுருண்டு கெடக்குற மாதிரில்ல இருக்கு” என்பாள். அப்பாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான். நான் அப்போது நாலாவதோ ஐந்தாவதோ. ஆக, எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்து நாங்களே கதையைச் சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று.

முதல் படத்தில் ஒரு மலை, மலையடியில் வீடு, வீட்டு வாசலில் சிவப்புச் சால்வை போர்த்திய ஒரு சிறுமி. வீட்டுக் கூரை, மரம், வேலி, பாதை எல்லாவற்றின் மேலும் வெள்ளை வெளேரென்று ஏதோ கொட்டிக் கிடக்கிறது. வானத்திலிருந்தும் சின்னச் சின்ன உருண்டைகளாக இறங்கிக்கொண்டிருக்கிறது. எங்களில் யாரும் அதைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அது இலவம் பஞ்சு. வேறென்னவாக இருக்க முடியும்? அப்பாவுக்கு மெத்தை தைக்கிற வேலை. போடிப் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பஞ்சை முன்னறையில் கொட்டிக் கம்பால் அடித்துக் கொட்டை நீக்குவார். அந்த நேரத்தில் வீட்டுக்குள் வந்து பார்த்தால் அந்தப் படத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. சோற்றில் பஞ்சு, தலைமுடியில் பஞ்சு, தண்ணீர்ப் பானைக்குள் மிதக்கிற பஞ்சு.

எனக்குத்தான் சந்தேகம் வந்தது. சின்ன வயதிலிருந்தே எதைப் பார்த்தாலும் எனக்கு ஒரு பயம் தட்டும். வீட்டில் என்னை ‘கவலக் கெழவி’ என்றுதான் கூப்பிடுவார்கள். இலவங்காய் வெடிக்கிறது மாசி பங்குனியில் அல்லவா, இந்தச் சிறுமியோ குளிருக்குச் சால்வை போர்த்தியிருக்கிறாள், மார்கழியில் எப்படி வெடிக்கும் என்று கேட்டேன். “அங்கன வேற சீமை, வேற பட்டம்” என்று அப்பா முடித்துவிட்டார். எனக்கு முடியவில்லை. வெடித்த பஞ்சை அந்த ஊர்க்காரர்கள் ஏன் சேர்த்துக் கட்டாமல் இப்படிப் பாதையில் விட்டிருக்கிறார்கள், மழை வந்தால் என்ன ஆகும், அந்தப் பிள்ளை வாயைத் திறந்து சிரிக்கிறதே, தொண்டைக்குள் போய் அடைத்துக்கொள்ளாதா என்று அடுத்தடுத்துக் கேட்டதில் பாண்டியம்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

இன்னொரு பக்கத்தில்தான் அந்தத் தாத்தா வந்தார். சிவப்புச் சட்டை, முதுகில் பெரிய மூட்டை, நெஞ்சு வரைக்கும் வெள்ளைத் தாடி, புருவமும் வெள்ளை, மீசையும் வெள்ளை. அத்தைக்கு அவரைத் தெரியும். ராயப்பன்பட்டிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கவிட்டிருப்பார்களே, அந்த ‘வேதக்காரர்’களுடைய கிறிஸ்துமஸ் திருவிழாவில் வருகிற தாத்தா இவர் என்றாள். அப்பா புத்தகத்தை வாங்கி வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். அப்புறம் அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது.

“தாத்தாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. தாடின்னா சொல்ற? அது பூராம் பஞ்சு. மூட்டையப் பாரு, வாயக் கட்டியிருக்குற முடிச்சப் பாரு. நம்ம தொழில்காரன்டீ!”

அது சரியாகத்தான் பட்டது. பஞ்சு அடித்துவிட்டு எழுந்து வரும்போது அப்பாவும் அப்படித்தான் இருப்பார். புருவமும் மீசையும் கண்ணிமையும் நரைத்து, சிரித்தால் மட்டும் வயது குறையும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தத் தாத்தாவுக்குப் பெயர் ‘பஞ்சுக்காரர்’.

மற்றப் படங்களில் அந்தச் சிறுமி சன்னலோரம் நின்று யாரையோ எதிர்பார்க்கிறாள். கழியின் நுனியில் ஒரு நட்சத்திரத்தைக் கட்டி வாசலில் நடுகிறாள். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்களும் விளக்கோடு வெளியே வருகிறார்கள். கடைசிக்கு முந்தின படத்தில் வெள்ளைப் பாதையின் மேல்கோடியில் ஒரு சின்ன உருவம். கடைசிப் படத்தில் கதவு திறந்திருக்கிறது, உள்ளே எல்லோரும் சாப்பிடுகிறார்கள், சிறுமியைக் கட்டிக்கொண்டிருப்பவருடைய முதுகு மட்டும் தெரிகிறது. அது அந்தப் பிள்ளையின் அம்மாதான் என்று பாண்டியம்மா அடித்துச் சொன்னாள். ஏலத்தோட்டத்திலிருந்து வருகிறாளாம். இல்லை, அப்பா என்றாள் அத்தை. அவளுடைய வீட்டுக்காரர் அப்போது திருப்பூரில் இருந்தார். எனக்கோ அந்த மேசை மேல் எரிகிற மெழுகுவத்தி, திறந்த கதவுக்கு வெளியே கிடக்கிற பஞ்சு, இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளிதான் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது.

இப்படி அந்தப் புத்தகம் எங்கள் வீட்டில் புழங்கிக்கொண்டிருந்தபோதுதான், கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை வந்தது. அந்த வாரம் முழுக்க மலையில் மழை. எங்கள் ஊரில் தூறல்தான். ஆனால் நிமிர்ந்து பார்த்தால் மலை இருந்த இடத்தில் மலை இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு படுதா தொங்கியது. சாயங்காலம் வர வேண்டிய ஜீப் வரவில்லை. இருட்டுகிற நேரத்தில் அத்தை ஓடிவந்தாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அண்ணே, மலை மேல மெட்டு ரோட்டுல மண்ணு சரிஞ்சிருச்சாம். ஒரு ஜீப்பு உருண்டுருச்சுன்னு டீக்கடையில பேசிக்கிறாக.”

“எந்த ஜீப்பு?”

“அது தெரியல. சொல்றவுகளுக்கே தெரியல.”

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனார். அப்போது எங்கள் தெருவில் யாரிடமும் கைபேசி கிடையாது. தோட்டத்து முதலாளி வீட்டில் போன் உண்டு. மழையில் அதுவும் செத்துக் கிடந்தது. திரும்பி வந்த அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே, “ஒண்ணும் ஆகாது. நம்மாளுக லயத்துலயே தங்கியிருப்பாக. ரோட்டுல மண்ண அள்ளிட்டா வந்துரப் போறாக” என்றார். எங்களுக்குச் சோறு போட்டார். தனக்கும் போட்டுக்கொண்டார். ஆனால் தட்டில் கை வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் செய்தி இல்லை. தூறல் விட்டிருந்தது. இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கவலைப்படுகிறவளுக்கு ஒரு வேலை உண்டு, மற்றவர்கள் யோசிக்காததை எல்லாம் முன்கூட்டியே யோசித்து வைப்பது. நான் அம்மா இல்லாத வீட்டை யோசித்து முடித்திருந்தேன். யார் உலை வைப்பது, பாண்டியம்மாவுக்கு யார் தலை பின்னுவது, பள்ளிக்கூடத்தை என்றைக்கு விடுவது என்பது வரைக்கும். பள்ளிக்கூடத்தை எட்டாவதில் வேறு காரணத்துக்காக விட்டேன். அது வேறு கதை.

பாண்டியம்மாவோ புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

“இந்தப் பிள்ள நட்சத்திரம் கட்டுனுச்சு, பாத பூராம் பஞ்சு போட்டாக, அவுக அம்மா வந்தாக. நாமளும் போடுவோம்ப்பா.”

வானத்திலிருந்து விழுந்த பஞ்சு, அவள் கணக்கில், யாரோ வேண்டுமென்றே போட்ட பஞ்சாகிவிட்டது. வருகிற ஆளுக்குக் கால் நோகாமல் இருக்கப் போட்டார்களாம். அப்பா திட்டுவார் என்று நான் நினைத்தேன். பஞ்சு விஷயத்தில் அவர் அப்படி. ஒரு பிடி சிந்தினால்கூடக் கூட்டி அள்ளிச் சாக்கில் போடச் சொல்வார். சின்னமனூரில் ஒரு கல்யாண வீட்டு மெத்தைக்காக வாங்கிய நயம் பஞ்சு அப்போது மூட்டையாகக் கட்டி மூலையில் இருந்தது. அதன் மேல் சாய்ந்து உட்காரக்கூட எங்களை விடமாட்டார்.

அவர் முதலில் நட்சத்திரத்துக்குத்தான் உட்கார்ந்தார். தட்டியிலிருந்து மூங்கில் உருவி, பிளந்து, சணலால் கட்டி, மெத்தைத் துணியின் சிவப்பு வெட்டுத்துண்டை மேலே போர்த்தித் தைத்தார். மெத்தை தைக்கிற ஊசியல்லவா, தையல் அரை விரல் நீளத்துக்கு வந்தது. வாசலில் கழியை நட்டார். அப்புறம் உள்ளே போய், கொட்டையும் கழிவும் கலந்து கிடந்த சாக்கைத்தான் எடுத்து வருவார் என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கல்யாணப் பஞ்சின் மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தார். வாயை அவிழ்த்தார். இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வாசலில் போட ஆரம்பித்தார்.

அதற்கு முந்தின நிமிஷம் வரைக்கும் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. அப்பா பயப்படவில்லை, ஒன்றும் ஆகாது என்று சொல்கிறார், ஆகவே நான் எவ்வளவு பயந்தாலும் பரவாயில்லை என்பதுதான் அந்தத் தைரியம். அவர் அந்தப் பஞ்சை அள்ளிப் போட்டதைப் பார்த்தபோது அது போய்விட்டது. நானும் போய் அள்ளினேன்.

இலவம் பஞ்சு சொன்ன பேச்சைக் கேட்காது. மூச்சு விட்டாலே பறக்கிற சாமான், தெருவில் லேசாகக் காற்று அடித்ததும் கிளம்பிவிட்டது. எதிர்வீட்டு ஓட்டின் மேல் ஏறியது, அத்தை வீட்டு மாவுச்சட்டிக்குள் இறங்கியது, கட்டிக் கிடந்த ஆட்டின் கொம்பில் மாட்டிக்கொண்டது. பாண்டியம்மா தெருவின் நடுவில் நின்று கைதட்டினாள். சற்று நேரத்தில் அந்தப் புத்தகத்தின் முதல் படம் எங்கள் தெருவில் விரிந்து கிடந்தது. மலையும் அதேபோல அந்தக் கோடியில்.

பக்கத்துத் தெரு மாமா ஒருவர் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டு நட்சத்திரத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன மாப்ள, சொல்லாமக் கொள்ளாம வேதத்துல சேந்துட்டீகளா?”

அப்பா நிமிரவில்லை.

“நான் எங்கனயும் சேரல மாமா. அவ வந்து சேரட்டும்.”

அந்த மாமா ஊரில் பெரிய கேலிக்காரர். எழவு வீட்டில்கூட ஆளைச் சிரிக்க வைத்துவிடுவார். அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து மூட்டையின் அடிப்பக்கத்தைப் பிடித்துத் தூக்கிக் கவிழ்த்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் தெருவின் மேல்கோடியில் பெண்கள் வந்தார்கள். ரோட்டை நம்பிப் பிரயோசனமில்லை என்று, விடிந்ததும் லயத்திலிருந்து கிளம்பி, எங்கள் ஊருக்கு நேர் மேலேயிருந்து இறங்குகிற காட்டுப்பாதையில் நடந்தே வந்திருக்கிறார்கள். உருண்டது ஏலக்காய் ஏற்றின ஜீப்பாம். ஓட்டியவர் குதித்துத் தப்பித்துவிட்டார். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, தலையில் பையோடு, கூட்டத்தில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ அம்மா. காலெல்லாம் அட்டை கடித்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவள் தெருவுக்குள் காலை வைக்க வைக்கப் பஞ்சு ஒட்டிக்கொண்டே வந்தது. இலவம் பஞ்சு ரத்தத்தைக் குடிக்காது, ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். வாசலுக்கு வந்து சேர்ந்தபோது முழங்கால் வரைக்கும் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நின்றாள்.

பாண்டியம்மா ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள். அப்பா எழுந்து நின்றார். கையில் காலிச் சாக்கு. புருவம், மீசை எல்லாம் பஞ்சு. அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பையைத் தலையிலிருந்து இறக்கினாள். அப்புறம் தெருவே கேட்கக் கத்தினாள்:

“எந்த எடுபட்ட பய பஞ்சக் கொட்டுனது? கல்யாண வீட்டுக்காரன் வந்து கேட்டா யாரு பதில் சொல்றது? ஒரு நா பிந்தி வந்தா இப்பிடியா குடிய அழிப்பாக? வெளக்கமாறு எங்க? ஏலே, சாக்கப் பிடிங்க!”

அப்பாவுக்கு உயிர் வந்தது. “இல்லத்தா, சின்னதுதான் சொன்னா…” என்று இழுத்துக்கொண்டே, பழைய வேட்டியைக் கிழித்து நனைத்து எடுத்துவந்து, அவள் திட்டத் திட்டக் காலைத் துடைத்தார். அத்தை கருப்பட்டிக் காப்பி போட்டாள். அதிலும் பஞ்சு மிதந்தது. தெரு மொத்தமும் சேர்ந்து பஞ்சைக் கூட்டி அள்ளியது. நனைந்தது, மண் ஒட்டியது போக மற்றதை வெயிலில் காயவைத்து மறுபடி அடித்து, குறைந்ததற்குப் புதுப் பஞ்சு சேர்த்து அந்தக் கல்யாண மெத்தையை அப்பா தைத்து முடித்தார். அந்த மெத்தையில் படுத்தவர்கள் நன்றாக இருக்க வேண்டுமே என்று அப்புறம் பல நாள் நான் கவலைப்பட்டிருக்கிறேன்.

சில வருஷங்களுக்குப் பிறகு வீட்டுக்கு டிவி வந்தது. அதில் ஒருநாள் எங்கோ வெளிநாட்டில் வெள்ளையாகக் கொட்டிக் கிடப்பதைக் காட்டி, அது பனி என்றும் தொட்டால் உருகிவிடும் என்றும் சொன்னார்கள். “அப்ப அந்தப் பஞ்சுக்காரரு நம்ம தொழில் இல்லையா?” என்று அப்பா கேட்டார். நிஜமாகவே ஏமாந்துபோன குரல். “பனிக்குள்ள போறவனா இருந்தாலும் மூட்டையில பஞ்சுதாம்ப்பா இருந்திருக்கும், குளிருக்கு” என்று பாண்டியம்மா சமாதானம் சொன்னாள். அவளுக்கு அப்போதும் எதையும் நல்லபடியாக முடிக்கத் தெரிந்திருந்தது.

இப்போது நான் பழனிசெட்டிபட்டியில் இருக்கிறேன். தலையணை உறை தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். அந்தப் புத்தகம் இல்லை. வீடு மாறும்போது எதில் போனதோ தெரியவில்லை. தேவாரத்துத் தெருவில் ஓட்டு வீடுகள் இல்லை. மலைக்குப் போகிற பெண்கள் வளைவுக்கு வளைவு வீட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறார்கள். என் வீட்டுக்காரர் சரக்கு வண்டியோடு மலை ஏறும்போது வண்டி எங்கே இருக்கிறது என்று என் கைபேசியில் ஒரு புள்ளி நகர்ந்து காட்டுகிறது. அது நிற்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிற்கிறது. அப்பா போய்ச் சேர்ந்து மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். முழங்கால் மடங்காது. போன டிசம்பரில், தெருமுனையில் கண்ணாடித்தாள் நட்சத்திரம் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம், இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன். அத்தனை தூரம் நடந்து உயிரோடு வந்து நின்றவள், எங்களைத் தொடுவதற்கு முன்னால் ஏனம்மா அப்படி வைதாய் என்று.

“அவரு மூஞ்சியப் பாத்தேன்டீ. பயந்து போயிருந்தாரு. நான் அழுதிருந்தா அவரும் தெருவுல நின்னு அழுதிருப்பாரு. அத்தன பேரு நிக்கிறாக. அதான் வஞ்சேன்.”

சொல்லிவிட்டு அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள். எதிர்வீட்டில் பிள்ளைகள் நட்சத்திரத்துக்குள் விளக்கைப் போட்டுப் பார்த்தார்கள்.

“இப்ப எனக்கு வைய ஆளில்ல” என்றாள்.

நான் எழுந்து போய், அடுப்பில் பால் பொங்கிவிட்டதா என்று பார்த்தேன். பொங்கியிருந்தது. அடுப்பு முழுக்க வழிந்து, தரையெல்லாம் சிந்திக் கிடந்தது. அம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னை நன்றாகத் திட்டினாள்.